சுண்டெலியின் மூக்கும் சினைப்பருவமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுப் பசு கன்று ஈன்று ஆறு மாதமாகியும் மறுபடி சினை பிடிக்கவில்லை. எங்களிடம் இருப்பது அந்த ஒரு மாடுதான். பால் சங்கத்தில் கிடைக்கும் பணத்தில்தான் வீட்டுச் செலவில் பாதியும், சிங்காரப்பேட்டையிலிருந்து நான் கல்லூரிக்கு வந்துபோகும் செலவும் நடக்கின்றன. மாடு சினையாகாமலே பால் வற்றிவிட்டால், அடுத்த கன்று வரும்வரை ஓராண்டுக்குமேல் கறவை இல்லை என்று பொருள்.

கால்நடை மருத்துவர் வந்து சோதித்துப் பார்த்தார். “மாட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வரும் நேரத்தில் நீங்கள் பார்க்கவில்லை” என்றார்.

“காலையில சாணி அள்ளும்போது பார்க்கிறேன். சாயங்காலம் பால் கறக்கும்போது பார்க்கிறேன். இன்னும் எப்பங்க சார் பார்க்கிறது?” என்று அம்மா கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி சொன்னார்: “ஊருக்குப் பொலிகாளை இருந்தப்போ நாமளா பார்த்தோம்? அதுவே பார்த்துக்கிச்சு.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். அதிலும் விலங்கியல் படிக்கிறேன். ஆகவே எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காளை எதைக் கொண்டு அறிந்தது என்ற கேள்விக்கு அன்று என்னிடம் முழுமையான விடை இல்லை. வாசனையைக் கொண்டு என்று மட்டும் சொன்னேன். “அது எங்களுக்கும் தெரியும்” என்றார் பாட்டி. அதன்பின் நூலகத்திலும் ஆசிரியர்களிடமும் தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். மாட்டுக் கொட்டகையில் பிறந்த கேள்வி என்னைச் சுண்டெலியிடம் கொண்டுபோய் விட்டது. இனப்பெருக்கம் பற்றிய பொருளை ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிறிது தயங்கினேன். விலங்கியல் படிப்பவர் தயங்கினால் வேறு யார் எழுதுவது என்று ஆசிரியர் கேட்டார்.

ஏன் சுண்டெலி?

பசுவின் சினைச்சுழற்சி 21 நாள். சுண்டெலிக்கு 4 அல்லது 5 நாள்தான். பசுவில் ஒரு சுழற்சி முடிவதற்குள் எலியில் நான்கைந்து சுழற்சிகளைப் பார்த்துவிடலாம். மேலும், எலி பெரும்பாலும் மூக்கால் வாழும் பிராணி. இருட்டில் நடமாடும் அதற்குத் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று ஆணா, பெண்ணா, உறவா, அயலா என்பதையெல்லாம் வாசனையே சொல்கிறது.

சுண்டெலியின் சுழற்சியை 1922-ல் எட்கர் ஆலன் என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். புணர்புழையிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், அன்று எலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உட்கருவுள்ள வட்டச் செல்கள் மிகுந்திருந்தால் அது புரோஈஸ்ட்ரஸ், அதாவது பருவத்துக்கு முந்திய கட்டம். உட்கரு இழந்து செதில் போல் காய்ந்த செல்கள் நிறைந்திருந்தால் ஈஸ்ட்ரஸ் என்னும் பருவக் கட்டம். வெள்ளணுக்கள் புகுந்து கலக்கத் தொடங்கினால் மெட்ஈஸ்ட்ரஸ். வெள்ளணுக்களே மேலோங்கினால் டைஈஸ்ட்ரஸ், அதாவது ஓய்வுக் கட்டம். இத்தனை எளிய சோதனை, நூறாண்டு கழிந்தும் ஆய்வுக்கூடங்களில் கைவிடப்படவில்லை.

இக்கட்டங்களை நடத்துபவை சூலகத்தின் இரண்டு ஹார்மோன்கள். கருமுட்டை முதிரும்போது ஈஸ்ட்ரஜன் ஏறுகிறது. அந்த ஏற்றம் மூளைக்கு எட்டி, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து லூட்டினைசிங் ஹார்மோன் பெருகி வர, இரவில் முட்டை வெளிப்படுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் கார்ப்பஸ் லூட்டியம் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இவ்விரு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இவற்றின் கதைதான்.

இரண்டு மூக்குகள்

எலிக்கு மூக்கு ஒன்றுதான். ஆனால் அதற்குள் மோப்ப உறுப்புகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, மூக்குப் பள்ளத்தின் மேற்புறத்தில் படர்ந்துள்ள முகர்படலம். காற்றில் மிதந்து வரும் வாசனையை இது பிடிக்கிறது. வாசனை ஏற்பிகளுக்கான ஜீன்களை 1991-ல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டறிந்தனர். 2004-ல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். மனிதருக்குச் செயல்படும் ஏற்பி ஜீன்கள் ஏறத்தாழ 400. சுண்டெலிக்கு ஆயிரத்துக்கும் மேல். ஓசூர் வழியே நாம் அடிக்கடி போய்வரும் பெங்களூரில், தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2006-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். எலி இரண்டு நாசித் துவாரங்களிலும் வரும் வாசனையை ஒப்பிட்டு, அது இடப்புறமிருந்து வருகிறதா வலப்புறமிருந்து வருகிறதா என்பதை ஓரிரு மூச்சுக்குள் அறிந்துவிடுகிறதாம். நமக்குக் காது செய்யும் வேலையை அதற்கு மூக்கும் செய்கிறது.

இரண்டாவது உறுப்புத்தான் நம் கதைக்கு நாயகம். மூக்கின் நடுச்சுவரின் அடியில், இருபுறமும் குழல் போல் கிடக்கும் இதை 1813-ல் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் விவரித்தார். ஜேக்கப்சன் உறுப்பு என்றும் வோமெரோநேசல் உறுப்பு என்றும் இதற்குப் பெயர். காற்றில் பறக்காத கனமான மூலக்கூறுகளையும் இது அறியும். ஆனால் அதற்கு எலி அப்பொருளை மூக்கால் தொட வேண்டும். குழலை ஒட்டியுள்ள இரத்தக்குழாய் சுருங்கி விரியும்போது, அது பம்பு போல இயங்கித் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இவ்வுறுப்பு வேலை செய்வதை நம்மில் கிராமத்திலிருந்து வருபவர் அனைவரும் பார்த்திருக்கிறோம். பார்த்தோம் என்று அறியாமலே பார்த்திருக்கிறோம். பெட்டையாடு சிறுநீர் கழித்த இடத்தில் கிடா முகத்தைக் குனிந்து, பிறகு தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். “கிடா சிரிக்குது” என்று சிறுவயதில் நாங்கள் கைகொட்டியதுண்டு. அது சிரிப்பன்று. சிறுநீரின் துளிகளை ஜேக்கப்சன் உறுப்புக்குள் செலுத்தும் செயல். ஃபிளெமன் என்பது இதற்குரிய ஜெர்மன் சொல். காளையும் எருமைக்கிடாவும் இதையே செய்கின்றன. பாட்டி சொன்ன பொலிகாளை ‘பார்த்துக்கொண்ட’ விதம் இதுதான். மனிதரிடமோ இவ்வுறுப்பு வேலையற்றுப் போயிற்று. அதன் நரம்புச் செல்களுக்கு இன்றியமையாத ட்ரிப்-சி2 என்னும் ஜீன் நம்மிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது.

இரண்டு உறுப்புகளிலிருந்தும் மூளைக்குப் போகும் பாதைகள் வேறு வேறு. முகர்படலத்தின் நரம்புகள் மூளையின் முன்னுள்ள முதன்மை முகர்குமிழுக்குச் செல்கின்றன. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்புகள் அதற்குப் பின்னாலுள்ள துணை முகர்குமிழுக்குச் சென்று, அங்கிருந்து அமிக்டலாவையும், பிறகு ஹைப்போதலாமஸையும் அடைகின்றன. ஹைப்போதலாமஸ்தான் பிட்யூட்டரியை ஆட்டிவைப்பது என்பது முதலாண்டுப் பாடம். ஆக, மூக்கில் பட்ட ஒரு துளி, சில நரம்புத் தாவல்களிலேயே சூலகத்தை ஆளும் இடத்தைத் தொட்டுவிடுகிறது.

சுவரில் எழுதும் கடிதம்

ஆண் எலி தான் போகும் வழியெல்லாம் துளித்துளியாகச் சிறுநீர் விட்டுச் செல்கிறது. அதில் புரதம் ஏராளமாக இருக்கும். மனிதர் சிறுநீரில் அவ்வளவு புரதம் இருந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று மருத்துவர் கவலைப்படுவார். எலிக்கோ அதுவே முகவரிச் சீட்டு. கல்லீரலில் உருவாகும் இப்புரதங்களைச் சிறுநீர்ப் பெரும்புரதங்கள் என்று சொல்லலாம். மப் என்பது ஆய்வாளர் வழங்கும் சுருக்கப் பெயர். ஒவ்வொரு மப் புரதத்தின் நடுவிலும் ஒரு பை இருக்கிறது. எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளை அது தனக்குள் பிடித்துவைத்து, மெதுவாக வெளிவிடுகிறது. எழுதியவர் போன பின்பும் கடிதம் சில காலம் மணத்துக்கொண்டே இருக்கும். 2010-ல் இங்கிலாந்தில் ஜேன் ஹர்ஸ்டின் குழுவினர், பெண் எலிகளை ஈர்க்கும் ஒரு மப் புரதத்தைக் கண்டறிந்து அதற்கு டார்சின் என்று பெயரிட்டனர். ஜேன் ஆஸ்டினின் நாவலில் வரும் டார்சியின் பெயர்தான் அது. ஆங்கில இலக்கிய மாணவர்கள் இதை அறிந்தால் விலங்கியல் துறைப் பக்கம் எட்டிப்பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

இக்கடிதங்கள் பெண் எலியின் உடலையே மாற்றவல்லவை என்பது புரதத்தின் பெயர் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே அறியப்பட்டது. பெண் எலிகளை மட்டும் கூட்டமாக அடைத்து வைத்தால் அவற்றின் சுழற்சி குலைகிறது என்று 1955-ல் வான் டெர் லீ, பூட் ஆகியோர் தெரிவித்தனர். அப்படி அடங்கிக் கிடக்கும் பெண் எலிகளுக்கு ஆணின் வாசனை கிடைத்தால், அவற்றுள் பல மூன்றாம் இரவில் ஒன்றாகப் பருவத்துக்கு வருவதை 1956-ல் விட்டன் எழுதினார். 1959-ல் ஹில்டா புரூஸ் கண்டது எல்லாவற்றையும் விட வியப்பானது. புதிதாக இணைசேர்ந்த பெண் எலியின் கூண்டில் அயல் ஆணை விட்டால், கரு பதியாமல் போய்ப் பெண் மீண்டும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. இணைந்த ஆணே கூட இருந்தால் அப்படி நேர்வதில்லை.

தன் ஆணின் வாசனை ஏன் தீங்கு செய்யவில்லை? இணைசேரும் வேளையில் துணை முகர்குமிழில் நார்அட்ரினலின் பாய்ந்து, அந்த ஒரு வாசனையை நினைவில் பதித்துவிடுகிறது. பதிந்த வாசனை அதன்பின் உள்ளே செல்ல விடப்படுவதில்லை என்று கெவர்னும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினர். நினைவு என்றால் மூளையின் ஏதோ ஓர் உயர்ந்த அறையில் நடப்பது என்று நான் நினைத்திருந்தேன். இங்கோ வாயிற்படியிலேயே நடக்கிறது.

திருச்சியில் நடந்த வேலை

கடிதம் எழுதுவது ஆண் மட்டுமன்று. பெண்ணும் எழுதுகிறது, நாளுக்கு நாள் மாற்றி எழுதுகிறது. இதைத் தமிழ்நாட்டிலேயே நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்து விலங்கறிவியல் துறையினர். பேராசிரியர் ஜி. அர்ச்சுனன் அவர்களும் அவருடைய ஆய்வு மாணவர்களும் எலி, பசு, எருமை ஆகியவற்றின் சிறுநீரைப் பகுத்துப் பார்த்தனர். ஆண் சுண்டெலிச் சிறுநீரில் ஆவியாகும் பொருள்களைப் பற்றிய அவர்களது கட்டுரை 2002-ல் பெங்களூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் பயோசயன்ஸஸ் இதழில் வெளிவந்தது. 2006-ல் பெண் எலியைப் பற்றி எழுதினர். சுழற்சியின் கட்டங்களை ஒப்பிட்டதில், பருவக் கட்டத்துக்கே உரியதாக 1-அயோடோ-2-மெத்தில் அண்டெகேன் என்னும் பொருள் தென்பட்டது. அது ஈஸ்ட்ரஜனைச் சார்ந்து உண்டாவது என்று 2010-ல் காட்டினர். அயோடின் சேர்ந்த ஒரு கரிமப் பொருள் எலியின் சிறுநீரில் வருவது எனக்கு விசித்திரமாகவே இருந்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டிலேயே பசுவின் பருவச் சிறுநீரில் 1-அயோடோ அண்டெகேன் இருப்பதாக அதே குழுவினர் எழுதியிருந்தனர். எலிக்கும் பசுவுக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்த பாலம் திருச்சியில் போடப்பட்டிருந்தது!

அதே 2010-ல் அவர்கள் இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டனர். பருவப் பெண்ணை ஆண் எலி அறிவது எந்த மூக்கால்? முகர்படலமா, ஜேக்கப்சன் உறுப்பா? இரண்டும் சேர்ந்தே அவ்வேலையைச் செய்கின்றன என்பது அவர்கள் கண்ட விடை. தூரத்திலிருந்து முதல் செய்தி காற்றில் வருகிறது. கிட்டப் போய்த் தொட்டால் இரண்டாம் செய்தி கிடைக்கிறது. பெரிய பிராணிகளிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். கிடா முதலில் தூரத்திலிருந்து நடந்து வருகிறது. பிறகுதானே உதட்டைச் சுருட்டுகிறது?

வாசிப்பவரும் மாறுகிறார்

இதுவரை சொன்னது எழுதுபவரைப் பற்றி. படிப்பவரின் மூக்கு எல்லா நாளும் ஒன்றுபோலவே இருக்கிறதா? ஒரே ஆணின் ஒரே வாசனையைப் பருவ நாளில் பெண் எலி நாடிப் போகிறது. ஓய்வு நாளில் கண்டுகொள்வதில்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லப்பட்ட விளக்கம், மூக்கு எப்போதும் போலச் செய்தியை அனுப்புகிறது, மூளைதான் இன்று வேண்டும், நாளை வேண்டாம் என்று முடிவு செய்கிறது என்பது. நானும் படிக்கத் தொடங்கியபோது அப்படியே நினைத்தேன். தந்தி வருகிறது, அதிகாரி அதைக் கோப்பில் போட்டுவிடுகிறார் என்பதுபோல.

2015-ல் கலிபோர்னியாவில் லிசா ஸ்டவர்ஸ் தலைமையில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் செல் இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விளக்கத்தைப் புரட்டிப் போட்டது. அவர்கள் பெண் எலிகளின் ஜேக்கப்சன் உறுப்பிலிருந்து நரம்புச் செல்களை எடுத்து, ஆணின் மப் புரதங்களை அவற்றின்மீது செலுத்தினர். நரம்புச் செல் தூண்டப்பட்டால் அதற்குள் கால்சியம் ஏறும். ஏறுவது நுண்ணோக்கியில் ஒளியாகத் தெரியும்படி ஏற்பாடு செய்திருந்தனர். பருவத்திலுள்ள எலியின் செல்கள் ஒளிர்ந்தன. ஓய்வுக் கட்டத்து எலியின் செல்கள் ஆண் வாசனைக்கு அசையவே இல்லை. தந்தி அதிகாரியின் மேசைக்கு வரவே இல்லை. தந்திக் கம்பியே அன்று பேசவில்லை!

செல்கள் சோர்ந்து போயிருக்கலாம் என்று யாரும் ஐயப்பட இடமிருக்கிறது. அதற்கும் சோதனை இருந்தது. பூனையின் வாசனைப் பொருளைச் செலுத்தியபோது, அதை உணரும் செல்கள் இரண்டு வகை எலிகளிலும் ஒன்றுபோல் ஒளிர்ந்தன. ஆகவே மூக்கு முழுவதும் மூடப்படவில்லை. ஆணைப் பற்றிய கதவு மட்டும் சாத்தப்படுகிறது. பகையைப் பற்றிய கதவு எந்நாளும் திறந்திருக்கிறது. எனக்கு இந்தக் கட்டுரையில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஓய்வு நாளில் ஆணை அறியாவிட்டால் எலிக்கு நட்டமொன்றும் இல்லை. பூனையை அறியாவிட்டால் அடுத்த பருவம் என்பதே இல்லை.

கதவைச் சாத்துவது யார்? புரோஜெஸ்ட்ரோன். ஆண் வாசனையை உணரும் அந்த நரம்புச் செல்களிலேயே புரோஜெஸ்ட்ரோனை ஏற்கும் அமைப்பு இருக்கிறது. ஓய்வுக் கட்டத்தில் புரோஜெஸ்ட்ரோன் வந்து படிந்ததும், செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் பாஸ்போலைபேஸ் சி பீட்டா-2 என்னும் நொதியின் வழி அடைபடுகிறது. இது விரைவாக நடக்கிறது. ஹார்மோன் விலகினால் விரைவாகத் திரும்புகிறது. நாளமில்லாச் சுரப்பிகளின் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்லும் என்று பாடத்தில் படித்தோம் அல்லவா? அப்படிச் செல்லும் வழியில் மூக்கையும் தொட்டுச் செல்கிறது என்பதை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் மூளைக்கு வேலையே இல்லை என்று கொள்ளக்கூடாது. 2019-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் நிராவ் ஷா குழுவினர், பெண் எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு நரம்பு இணைப்பைக் கவனித்தனர். புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி உடைய ஒரு தொகுதி நரம்புகள் ஹைப்போதலாமஸின் முன்பகுதிக்கு அனுப்பும் இழைமுனைகள், பருவக் கட்டத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு இணைப்புகளை உண்டாக்குகின்றன. பருவம் கழிந்ததும் அவை குறைந்துவிடுகின்றன. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வயரிங் வேலை! வளர்ந்த மூளை மாறாதது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. சினைப்பட்ட எலியில் வேறொரு பூட்டும் உண்டு. இணைந்த சில நாளில் முதன்மை முகர்குமிழில் டோபமைன் மிகுந்து, ஆண் வாசனையை உணரும் திறனைக் குறைக்கிறது என்று 2008-ல் தெரிவிக்கப்பட்டது. புரூஸ் கண்ட ஆபத்துக்கு எதிரான ஒரு தற்காப்பாக அது இருக்கலாம்.

மீண்டும் கொட்டகைக்கு

இனி எங்கள் பசுவுக்கு வருகிறேன். எலியில் கண்டதை அப்படியே மாட்டுக்குப் பொருத்துவது தவறு. எலியின் சுவர்க் கடிதங்களைப் போல மாடு புரதத்தால் எழுதுவதில்லை. சுழற்சியின் காலமும் வேறு. ஆனால் பருவம் என்பது முதலில் வாசனைச் செய்தி என்பதும், அதைப் படிக்க வேண்டிய மூக்கு வேறொரு விலங்கிடம் இருக்கிறது என்பதும் இரண்டுக்கும் பொது.

பசுவின் பருவம் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம்தான் நீடிக்கும். அதன் அறிகுறிகளில் உறுதியானது, வேறொரு மாடு தன்மேல் தாவும்போது அசையாமல் நிற்பது. ஒரே மாடு உள்ள வீட்டில் தாவுவதற்கு யார் இருக்கிறார்கள்? மிச்சமிருப்பவை கத்துதல், தீனியில் நாட்டமின்மை, கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல். இவை நடுஇரவில் தோன்றி மறைந்தால் சாணி அள்ளும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. எருமையிலோ ஊமைப்பருவம் மிகுதி. வெளியே ஒன்றுமே காட்டாமல் போய்விடும்.

நம் பகுதிக்குக் கால்நடை வளர்ப்பு புதிதன்று. ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள பண்ணை 1824-லேயே தொடங்கப்பட்டது. உறைவிந்தும் சினை ஊசியும் வந்தபின் நல்ல இனக் கன்றுகள் ஏழை வீட்டுக்கும் கிடைத்தன. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பசுவே ஊசியில் பிறந்ததுதான். ஆனால் ஊசி வந்தபோது பொலிகாளை போயிற்று. காளையிடமிருந்து நமக்கு வேண்டியது விந்து மட்டும் என்று எண்ணினோம். அதன் மூக்கும் கூடவே போயிற்று என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. அந்த மூக்கின் வேலை இன்று என் அம்மாவின் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெரிய பண்ணைகளில் மாட்டின் கழுத்திலோ காலிலோ நடமாட்டத்தை எண்ணும் கருவியைக் கட்டுகிறார்கள். பருவத்தில் மாடு அதிகம் நடக்கும் என்பதைக் கொண்டு அது எச்சரிக்கிறது. கட்டுத்தறியில் நிற்கும் ஒற்றை மாட்டுக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. திருச்சி ஆய்வின் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. 2004-ல் அவர்கள் எருமைக்கிடா உதட்டைச் சுருட்டுவதைக் கணக்கிட்டு, அது பருவக் கட்டத்தில் மிகுவதைக் காட்டினர். 2011-ல் பெண் எருமையின் பருவச் சிறுநீரிலிருந்து 4-மெத்தில் பீனால் முதலிய பொருள்களைப் பிரித்து, அவை கிடாவின் நடத்தையைத் தூண்டுவதை எழுதினர். 4-மெத்தில் பீனால் தொழுவத்து வாடையிலேயே கலந்திருக்கும் பொருள்தான். ஆகவே இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதாது. எந்த நாளில் எவ்வளவு, எவற்றோடு சேர்ந்து என்று பார்க்க வேண்டியிருக்கும். மூக்குக்கு அது எளிது. சோதனைத் தாளுக்கு எளிதன்று. ஆனாலும், சிறுநீரில் தாளை நனைத்து நிறம் பார்த்துப் பருவத்தை அறியும் நாள் வந்தால், அதனால் முதலில் பயனடைவது ஒற்றை மாட்டு வீடுகளாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு அம்மாவிடம் என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். எலியின் மூக்கில் கதவு சாத்துவதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, “அப்படின்னா ராத்திரியிலயும் ஒரு தடவை எழுந்து பார்க்கணும், அவ்வளவுதானே?” என்றார். அன்றுமுதல் இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் டார்ச் விளக்கோடு கொட்டகைக்குப் போய்வரத் தொடங்கினார். நான் வீட்டிலுள்ள நாட்களில் நான்கு மணி முறை என்னுடையது. பருவத்துக்கு வந்த நாளையெல்லாம் காலண்டரில் குறிக்கச் சொன்னேன். குறிப்பதற்கு முதல் நாள் பதினேழாம் இரவில் கிடைத்தது. வாலுக்குக் கீழே விளக்கொளியில் வழும்பு நூல்போல மின்னியது. விடியற்காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி போட வேண்டும் என்பது கணக்கு, அப்படியே போட்டோம்.

அதற்குப்பின் இருபத்தோராம் நாள் இரவு மூவரும் விழித்திருந்தோம். பாட்டி கொட்டகை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். சினை நிற்காவிட்டால் அன்று மாடு மறுபடி பருவத்துக்கு வர வேண்டும். பத்து மணிக்குப் பார்த்தோம். இரண்டு மணிக்குப் பார்த்தோம். நான்கு மணிக்கும் பார்த்தோம். மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.